தண்ணிக் குழாயில் வெள்ளைத் துணி

இது நடந்த விஷயம். நம்பாதவர்களை உட்காரவைத்து நம்பவைக்கிற தெம்பு அப்துல் கையூமுக்கு இப்போதும் இல்லை, அன்றைக்கும் இருக்கவில்லை. 1996 மே மாதம், கத்திரி வெயிலில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் புளியமரமும் வேண்டும் என்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இங்கே இருந்ததெல்லாம் ஒரு தகர ஷெட், ஒரு பழைய அம்பாசடர், ஒரு முழ நீள ரப்பர் குழாய்.

கையூமின் ஷெட் உக்கடத்திலிருந்து போத்தனூர் போகிற வழியில் இருந்தது. வீடு அதற்குப் பின்தெருவில். முதலில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தார், பிறகு கார் ஏசிக்கு வந்துவிட்டார். வயது ஐம்பத்தேழு. முட்டி இரண்டும் தேய்ந்து, வண்டிக்கடியில் படுத்தால் எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆகும். எழுந்ததும் எதற்குப் படுத்தோம் என்பதே சில நாள் மறந்துபோகும். அதுதான் அவருடைய பயம்.

காரணம் இருந்தது. அவருடைய அத்தா மோட்டார் காயில் கட்டுவதில் பேர் எடுத்தவர். அறுபது வயதில் எந்த ஒயரை எதோடு முறுக்குவது என்று தெரியாமல் திகைத்து நின்றார். கடைசி இரண்டு வருஷம் சோறு ஊட்டிய மகனைப் பார்த்து, "தம்பி, நீ யாரு ஊட்டுப் பையன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கையூமுக்கு அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. தனக்கும் அது வருகிறதா என்று தினமும் தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தார். சாவி மறந்தால் பயம், பெயர் மறந்தால் பயம், டீயில் சர்க்கரை போட்டோமா என்பது மறந்தால்கூடப் பயம். அலுத்துப்போன மனுஷனுக்கு இது பெரிய பாரம்.

மே 6, திங்கட்கிழமை. காலை 9:30.

பொள்ளாச்சியிலிருந்து வெள்ளை அம்பாசடர் ஒன்று வந்தது. தேங்காய்ப் பருப்பு வியாபாரி திருமூர்த்தியின் வண்டி. ஓட்டிவந்தவர் நஞ்சுண்டன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான டிரைவர். ஏசியைப் போட்டால் ஈரச்சாக்கு நாற்றம் குடலைப் புரட்டுகிறது, மொதலாளி கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வருகிறார், இதற்கு எதற்கு ஏசி என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனார்.

கையூம் கதவைத் திறந்து மூக்கை நீட்டினார். அடைத்துக் கிடந்த தண்ணீரின் வாடை. அவருக்கு அது பழகிய கோளாறுதான். ஏசி ஓடும்போது உள்ளே கூலிங் காயில் என்கிற குளிர்ச்சுருள் வியர்க்கும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி வண்டிக்கடியில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் போகும், ஊறும், நாறும்.

வண்டிக்கடியில் படுத்துக் கம்பியை விட்டார். அழுகிக் கறுத்த துணி ஒன்று வந்தது. பின்னாலேயே ஒரு குடம் தண்ணீர் அவர் தோளில் கொட்டியது. எலி இழுத்துவந்து வைத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் துணி திரி மாதிரி மூன்று முறுக்கு முறுக்கி, கீழேயிருந்து மேலே திருகிச் செருகப்பட்டிருந்தது. எலிக்கு முறுக்கத் தெரியாது. யாரோ வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள். எவன் எதற்கு அடைத்தால் நமக்கென்ன என்று அதை விட்டுவிட்டார்.

காயிலை சோப்புத் தண்ணீரில் கழுவினார். கார்ப்பெட்டை உரித்து வெயிலில் போட்டார். கத்திரி வெயில் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மொறமொறவென்று காயவைத்துவிட்டது. டிரைவர் உட்காரும் இடத்தில் மட்டும் ஈரம் போகவில்லை. இரண்டு பாதம் அளவுக்கு, அருகருகே, ஈரம்.

சாப்பிட்ட பிறகு கண் அயர்ந்திருக்க வேண்டும். மணி பார்த்தபோது 3:05. வண்டி எல்லாம் மாட்டி முடித்துத் தயாராக நின்றது. எப்போது மாட்டினோம் என்பது நினைவில் இல்லை. வாடை இல்லை என்பதை மட்டும் பார்த்து வண்டியை அனுப்பிவிட்டார்.

மே 11, சனிக்கிழமை. காலை 10:15.

அதே வண்டி. அதே வாடை. கம்பியை விட்டால் குழாயில் மறுபடியும் துணி.

நஞ்சுண்டன் தலையைச் சொறிந்துகொண்டு, மரியாதை குறையாமல்தான் சொன்னார். "ஏனுங் பாய்... தொடைக்கிற துணியை உள்ளயே மறந்துபோட்டீங்களாட்ட இருக்குதுங்க."

கையூமுக்கு முகம் செத்துப்போனது. அந்தத் துணியை உற்றுப் பார்த்திருந்தால் அன்றைக்கே பாதி விஷயம் புரிந்திருக்கும். வெட்கத்தில் பார்க்காமலே சாக்கடையில் எறிந்தார். மறதியை மறைக்கிற மனுஷன் முதலில் அதற்கான சாட்சியைத்தான் மறைப்பான். திரும்ப எல்லாவற்றையும் கழற்றினார், கழுவினார், காயவைத்தார். மத்தியானம் மறுபடியும் கண் அயர்ந்தது. விழித்தபோது 2:55. கைலியில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. ஷெட்டுக்குள் சிமெண்டுத் தரை. பின்தெருவில்தான் சிவப்பு மண்.

அன்று ராத்திரி மனைவி உம்மல் குல்சும் என்ன ஆச்சு என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். உடம்பு அசதி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 15, புதன்கிழமை. காலை 9:50.

வண்டி மூன்றாம் முறை வந்தது. நஞ்சுண்டன் இந்தத் தடவை சாவியை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டு வெற்றிலை போடப் போனார். அது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

கம்பியில் வந்த துணியை இந்த முறை கையூம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைத் துணி. ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை. கிழித்து, மூன்று முறுக்கு முறுக்கியிருந்தது. அவருடைய ஷெட்டில் துடைக்கப் பயன்படுவது திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் மட்டும்தான். சாக்கு சாக்காக வாங்குவார், சிவப்பும் நீலமுமாய்ச் சவசவவென்று நீளும். வேட்டித் துணி அங்கே கிடையவே கிடையாது.

அப்படியானால் இது நானில்லை.

அந்த நினைப்பு வந்ததும் ஒன்பது நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. யாரோ விளையாடுகிறார்கள். நஞ்சுண்டனாகக்கூட இருக்கலாம். இன்றைக்குக் கண்ணை மூடுவதில்லை, வண்டியை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தார். நஞ்சுண்டனை உக்கடத்துக்குச் சாப்பிட அனுப்பி, மூன்றே காலுக்கு முன் வரவேண்டாம் என்றார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் செங்கல் கொடுத்தார். கதவுகளைச் சாத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, குழாய்க்குக் கீழே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்தார். முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டுவதைக் காவல் காக்கிற வேலை எவனுக்கு வாய்க்கும் என்று தனக்குத்தானே நொந்துகொண்டார்.

2:10. டப்... டப்... டப். மூன்று வினாடிக்கு ஒரு சொட்டு. நல்ல ஓட்டம்.

2:18. கரண்ட் போனது. மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றி நின்றது. தகரம் வெயிலில் சடக் என்று ஒருமுறை நெளிந்தது.

2:24. டப்......... டப். ஏழு வினாடி.

2:27. டப்.

அதற்கு அடுத்த சொட்டு வரவில்லை.

கையூம் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து, வண்டிக்கடியில் நகர்ந்தார். டார்ச்சைப் பக்கத்துத் தரையில் மேல்நோக்கி வைத்தார். குழாயின் வாய் அவர் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஒரு சொட்டு அதன் விளிம்பில் திரண்டு நின்றது. விழவில்லை.

அப்போது வண்டி இறங்கியது.

டிரைவர் பக்கம். ஸ்பிரிங் கிர்ர்... என்று முனகியது. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு.

கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

இன்ஜின் ஒருமுறை மெல்ல உயர்ந்து அடங்கியது. பழக்கப்பட்ட கால் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கிற மாதிரி.

கையூமுக்குக் கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

டார்ச் வெளிச்சத்துக்குள் இரண்டு விரல்கள் வந்தன.

கிரீஸ் படிந்த விரல்கள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அந்த விரல்களில் ஒரு வெள்ளைத் துணி.

நிதானமாக... குழாயின் வாயில் வைத்து...

ஒரு முறுக்கு.

இரண்டு.

மூன்று.

குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. மேலேயிருந்து, வண்டிக்குள்ளிருந்து, அந்த ரப்பர் வழியாக. அலுத்துப்போன குரல். கோபமே இல்லாத குரல்.

"ஒரு சொட்டு உழுகக்கூடாதுங்க... மொதலாளி சொல்லியிருக்காருங்க..."

பிறகு எவ்வளவு நேரம் கிடந்தார் என்று தெரியாது. ஸ்பிரிங் மறுபடி முனகி வண்டி மேலே ஏறியபோதுதான் மூச்சு வந்தது. உடம்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். மணி 2:51. வண்டிக்குள் யாரும் இல்லை. டிரைவர் சீட்டின் ரெக்ஸின் மட்டும் குழிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உஸ்ஸ்... என்று மெதுவாக மேலே எழும்பிச் சமமானது.

இன்ஜினை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்து வெயிலில் நின்றார். பட்டறை மேஜைமேல் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. அது எப்போது வந்தது என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

நஞ்சுண்டன் 3:20க்கு வந்தார். கையூம் குறடைக் கையில் கொடுத்து, குழாயில் இருப்பதை நீயே இழு என்றார். வெள்ளைத் துணி வந்தது. பச்சைக் கரை. காலையில் எடுத்ததற்கும் இதற்கும் நூலளவு வித்தியாசம் இல்லை. நஞ்சுண்டன் அதைப் பார்த்துவிட்டு, அன்று ஏசியைப் போடாமலே பொள்ளாச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் வியாழக்கிழமை. கையூம் இரண்டு துணியையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினார். உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று யாரும் கேட்கலாம். அவருக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். நேற்றுப் பார்த்தது வெளியே இருக்கிற ஒன்றா, அல்லது அத்தாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டதா? பேய் என்றே ஆகட்டும், யா அல்லாஹ், என் மூளை மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்று பஸ் முழுக்க வேண்டிக்கொண்டு போனார். பேய் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

திருமூர்த்தி நல்ல ஆகிருதியான மனுஷர், மோர் கொடுத்து உபசரித்தார். வீட்டு முகப்பில் போர்டிகோ, வழவழவென்று மொசைக் தரை, அதில் அந்த அம்பாசடர். கையூம் கவரைப் பிரித்துத் துணியை முன்னால் வைத்தார். நஞ்சுண்டனுக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டார்.

திருமூர்த்தி துணியின் கரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

ஐயாசாமி என்று ஒரு டிரைவர். இருபத்தோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தவர். பச்சைக் கரை வேட்டிதான் கட்டுவார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தை மாதம், வண்டிக்கு ஏசி பூட்டிய புதிது. சந்தைக்குப் போய்வந்து வண்டி போர்டிகோவில் நின்றிருந்தது. கீழே தண்ணீர் சொட்டித் தேங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. திருமூர்த்தியின் மனைவி பாவாத்தாள் தட்டோடு வெளியே வந்தவர் வழுக்கி, படியில் பின்மண்டை அடித்து விழுந்தார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எழவு ஊட்டுல வெச்சே அவனைக் கூப்பிட்டுச் சொன்னனுங்க, பாய். உன்ற வண்டித் தண்ணியிலதான் அவ போனா. இனி இந்த வாசல்ல ஒரு சொட்டு உழுகக்கூடாதுன்னு. சரிங்கன்னான். அத்தோட உழுகவே இல்லீங்க. எப்படி நிறுத்துனான்னு நானும் கேக்கல."

ஏசி ஓடினால் தண்ணீர் விழத்தான் செய்யும், விழாவிட்டால்தான் கோளாறு என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வண்டி ஒழுகுகிறது, டிரைவர் கவனிக்கவில்லை என்றே நினைத்தார்கள். ஐயாசாமியும் அப்படியே நினைத்திருப்பார். போன ஐப்பசியில் ஒரு நாள் மொதலாளியைக் காங்கேயத்துக்குக் கூட்டிப்போக, இதே போர்டிகோவில், ஏசியை ஓடவிட்டுக் காத்திருந்தார். திருமூர்த்தி வந்து கதவைத் திறந்தபோது ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உயிர் போயிருந்தது. இரண்டு பாதமும் கார்ப்பெட்டுத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. வேட்டியின் கரை ஓரம் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. எதில் மாட்டிக் கிழிந்ததோ என்று விட்டுவிட்டார்கள்.

கையூம் நேற்றுக் குழாய்க்குள் கேட்டதைச் சொன்னார். திருமூர்த்தியின் மீசை துடித்தது. இன்றைக்கு முன்னால், ஐயாசாமியைத் தவிர, அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"சொன்னவர் நீங்க. நீங்கதான் திரும்ப எடுத்துக்கணுங்க" என்றார் கையூம்.

மணி 12:40. திருமூர்த்தி எழுந்து போய் வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டார். கையூம் வண்டியைத் தொடவில்லை, தூணோரம் நின்றார். பத்து நிமிஷம் ஆனது. தரை காய்ந்தே கிடந்தது. திருமூர்த்தி டிரைவர் கதவைத் திறந்து, காலியான சீட்டைப் பார்த்து நின்றார். அவ்வளவு பெரிய ஆளுக்குக் குரல் உடைந்தது.

"ஐயாசாமி... போதும் சாமி. நாந்தான் கண்ணு தெரியாமப் பேசிப்போட்டேன். உழுந்தா உழுவட்டும், உடு."

ஒன்றுமில்லை...

கிர்ர்... ஸ்பிரிங் முனகி வண்டி டிரைவர் பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்தது.

டப்.

மொசைக் தரையில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. திருமூர்த்தி அங்கேயே குந்தி, தோள் துண்டால் அதைத் துடைத்தார். சொட்டச் சொட்டத் துடைத்துக்கொண்டே அழுதார். கையூம் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பி வந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினார். பத்து நாளில் பயமில்லாத முதல் தூக்கம். நான் மறக்கவில்லை, என் கை சரியாகத்தான் இருக்கிறது, அது ஐயாசாமி, பாவம், அது ஐயாசாமிதான். பயத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. கிணத்துக்கடவில் இறங்கி ஒரு டீகூடக் குடித்தார், சர்க்கரை போட்டதும் நன்றாக நினைவிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது 6:40. உம்மல் குல்சும் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். கையூம் முகம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மறதி இல்லை குல்சும், எனக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து விரித்தார். பக்ரீதுக்கு ஒரே ஒருநாள் கட்டி மடித்து வைத்தது. நாளைக்கு ஜும்மாவுக்காக வெளியே எடுத்திருக்கிறார்.

பச்சைக் கரை. மூன்று இடத்தில் ஒவ்வொரு முழம் கிழித்து எடுக்கப்பட்டிருந்தது.

"நீங்கதாங்க மத்தியானத்துல வந்து பொட்டியைத் தொறந்துட்டுப் போனீங்க" என்றார் குல்சும். "போன வாரம் திங்கக்கிழமை, சனிக்கிழமை, அப்புறம் நேத்து. கூப்பிட்டாத் திரும்பியே பாக்கல. வேலை மும்முரம்னு நெனச்சேன்."

கையூம் கட்டிலில் உட்கார்ந்தார்.

நேற்று இரண்டரைக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு தானே ஷெட்டுக்கு வந்ததாக குல்சும் சொன்னார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கையூம் வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து, இரண்டு கையையும் தூக்கி, குழாயில் எதையோ திருகிக்கொண்டிருந்தார். "சரிங்க... சரிங்க..." என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே.

"அந்தப் பெரியவர் யாருங்க?"

"எந்தப் பெரியவர்?"

"வண்டில, டிரைவர் சீட்டுல இருந்தாரே. வெள்ளைச் சட்டை. அவருதான் சொன்னாரு. சோத்தை அங்க வெச்சுப்போட்டுப் போங்கம்மணி, பாய் நம்ம வேலையாத்தான் இருக்காருன்னு."

கையூம் கட்டிலைவிட்டு எழுந்தார். வலது கையை மெல்லத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். விரலிடுக்கில் கிரீஸ். போன மாதம் பானட் விழுந்து அடிபட்ட பெருவிரல்.

நகம் கறுத்திருந்தது.